நீ ருக்குமணிக்கு எழுதிய இரண்டு பக்கம்

அன்பு மகள் நிலானிக்கு,

நான் ஆதரித்த எழுத்தாளர் வாக்கெடுப்பில் தோற்றதற்காக வாசகர் வட்டத்திலிருந்து கோபித்துக்கொண்டு வந்தேன் என்று பினாங்கில் பேசுகிறார்களாம். பொய். அவர் தோற்பதற்கு முன்பே நான் எழுந்துவிட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நலமா? எனக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. நான் பார்த்துக்கொள்ளும் விடுதிப் பிள்ளைகளும் சொன்னபடி கேட்கிறார்கள்.

அன்று மிகச் சிறந்த நாவலாசிரியருக்கான வாக்கெடுப்பு. நான் என்னுடையவருக்காகப் பேசி, "என் மகளுக்கும் இவரைத்தான் பிடிக்கும்" என்று முடித்தேன். உடனே எங்கள் வட்டத்து ருக்குமணி கைப்பையைத் திறந்தாள்.

"இல்லலா அக்கா, நிலானிக்கு வேற ஆளத்தான் பிடிக்குமாம். எனக்கு லெட்டர் போட்டிருக்கு. படிக்கட்டா?"

வராதவர்கள் கடிதம் மூலம் வாக்களிக்கலாம் என்ற விதியைக் கொண்டுவந்தவளே நான். எப்படித் தடுப்பேன்? உனக்குப் பிடித்த அந்த எழுத்தாளர் அம்மாளின் நாவலைப் படித்துவிட்டு விடிய விடிய அழுதாயாமே. தைப்பூசத்தன்று ஒரு நாள் பார்த்த ருக்குமணிக்கு இரண்டு பக்கம், அதுவும் நான் பழக்கிய கையெழுத்தில். எனக்குக் கைப்பேசியில் "சாப்பிட்டீங்களாம்மா" மட்டும்.

நீ இருக்கும் சிரம்பான் வீட்டு அலமாரியில் என் பழைய மூக்குக்கண்ணாடி இருக்கிறது. அனுப்பிவை. அந்த நாவலையும் சேர்த்து அனுப்பு. ருக்குமணியிடம் இரவல் கேட்க மாட்டேன்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அந்த அம்மாளை உனக்கு ஏன் பிடிக்கிறது என்று எனக்கும் கையால் பதில் எழுது.

அம்மா