தண்ணீர் மட்டும் கண்ட மிஷின்

2025 ஜனவரி 6, திங்கள்

கடையில் பரணை ஒழித்தோம். பொங்கலுக்குப் பித்தளைப் பானையும் எவர்சில்வர் குடமுமாக வந்து இறங்குகிறது, வைக்க இடமில்லை. ஒழித்ததில் அந்த சூப் மிஷின் அட்டைப்பெட்டியோடு கிடைத்தது. பார்க்கக் கூஜா மாதிரி இருக்கும். மூடியில் பிளேடு, அடியில் சூடு. காய்கறியைப் போட்டு மூடிவிட்டால் தானே வேகவைத்து, தானே அரைத்துத் தரும். தி.நகரில் சூப் குடிக்கிறவன் ஓட்டலில் குடிப்பான், வீட்டில் எவன் வைப்பான்? ஒருவரும் வாங்கவில்லை.

அதைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். குலாம் முகம்மதுவுக்குச் சிரிப்பு. என் கடையில் நின்று வியாபாரம் பேசியே தலை நரைத்தவன், திருவல்லிக்கேணிக்காரன். “இன்னா அண்ணாச்சி, விக்காத பீஸை வூட்டுக்கு எடுத்துக்கினு போறீங்க? நீங்க மிக்ஸியே போட்டது கெடயாதே!”

உண்மைதான். ஆயுசு முழுக்க மிக்ஸியும் கிரைண்டரும் விற்றவன் நான். வருகிறவர்களுக்கு ஜாரில் தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டுவேன். தண்ணீரைத் தவிர வேறெதையும் இந்தக் கையால் அரைத்ததில்லை. வீட்டில் அரைக்கச் சந்திரிகா இருந்தாள்.

இருந்தாள் என்று எழுதிவிட்டேன். ச்சே. இருக்கிறாள். இதோ பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறாள். போன மாதம் பக்கவாதம் வந்து விழுந்தவளுக்குக் கால் மெதுவாகத் திரும்பிவிட்டது. நாக்கும் தொண்டையும்தான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மூக்கில் போட்டிருந்த குழாயை சனிக்கிழமைதான் எடுத்தார்கள். எடுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாயால் சாப்பிட்டு எடை ஏறினால் சரி, இறங்கினால் மறுபடியும் குழாய்தான் என்றார் டாக்டர். அது மட்டும் வரக் கூடாது.

ஜனவரி 7

மிஷினுக்கு உள்ளே ஒரு கோடு போட்டிருக்கிறான். அதற்கு மேல் நிரப்பக் கூடாதாம். கடையில் நான் பாதி ஜார் தண்ணீருக்கு மேல் ஊற்றியதே இல்லை, அதனால் கோடு எதற்கென்று யோசித்ததும் இல்லை. நிறையப் போட்டால்தானே வயிறு நிறையும் என்று கேரட்டைக் கழுத்துவரை அடைத்தேன்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாலேயே எங்கள் வீட்டில் பொங்கிவிட்டது. மேடை, சுவர், என் வேட்டி. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்த சந்திரிகா தன் சமையலறையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜனவரி 9

அடையாறு ஆஸ்பத்திரியிலிருந்து தமிழ்நிலா வந்திருந்தாள். பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி கொடுக்கிற பெண். “சார், தண்ணியா இருந்தா மூச்சுக்குழல்ல போயிடும். துண்டு இருந்தாலும் ஆபத்து. கெட்டியா, வழுவழுன்னு இருக்கணும். கரண்டியைச் சாய்ச்சா ஒழுகக் கூடாது, மெதுவா வழுக்கி விழணும்” என்றாள். கரண்டியைச் சாய்த்தும் காட்டினாள்.

பரங்கிக்காயும் உருளைக்கிழங்கும் போட்டேன். கோட்டுக்குக் கீழேதான். மிஷின் உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது, கடைசியில் பீப் என்றது. திறந்து பார்த்தால் சந்தனம் அரைத்த மாதிரி மை போல இருக்கிறது! நான் அரைத்தது. ஓடிப்போய்க் காட்டினேன்.

சின்ன ஸ்பூனால் கொஞ்சம் சாப்பிட்டாள். அப்புறம் வாயை இறுக்கிக்கொண்டாள். “சூப்பு நல்லா இருக்குல்லா?” என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜனவரி 11

பீட்ரூட். வேண்டாமாம்.

ஜனவரி 12

சுரைக்காய். அதுவும் வேண்டாமாம். ஆனால் இவள் வேறு யாரையும் அடுப்படியில் விடவும் மாட்டாள். சமைக்க வைத்த அம்மாள் மூன்றாம் நாளே போய்விட்டார். பேசாமலேயே ஒருத்தரை வெளியே அனுப்ப என் பெண்டாட்டியால் முடியும்.

பேசாமல் இருக்கிறாளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் ஏதோ சொன்னாள். வார்த்தை குழறியது. “என்னது? என்னது?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அன்றைக்கு மூடிய வாய். என்னிடமும் பேசுவதில்லை. வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன் நான்.

ஜனவரி 14, பொங்கல்

எழுதவே கை வரவில்லை.

நல்ல நாளும் அதுவுமாக நல்லபடி செய்வோம் என்று வெள்ளைப் பூசணியும் பாசிப்பருப்பும் போட்டேன். மைய அரைந்தது. கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தால் மொட்டையாக இருந்தது. எங்கள் வீட்டில் தாளிக்காத எதுவும் இலைக்கு வந்ததில்லை. நேற்று வைத்த குழம்பைச் சுட வைத்தால்கூட சந்திரிகா மறுபடி ஒரு தாளிப்பு போடுவாள். அதனால்தான் இவள் தொட மாட்டேன் என்கிறாள், எனக்கு இது தோன்றவில்லையே என்று சந்தோஷமாகக் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்து மேலே கொட்டினேன். ‘சொய்ங்’ என்ற சத்தத்துக்கு அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆசையாக வாயைத் திறந்தாள்.

அந்தக் கடுகு தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. இருமினாள், இருமினாள், முகம் சிவந்து கண் பிதுங்கி— முன்னால் குனிய வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஒரு வழியாக வெளியே வந்தது. ஒரே ஒரு கடுகு.

துண்டு கூடாதுன்னு அந்தப் புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சே. கடுகு துண்டு இல்லாம என்னது? என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

ஜனவரி 15

ஸ்பூனைப் பார்த்தாலே நடுங்குகிறாள்.

ஜனவரி 17

டாக்டர் எழுதிக் கொடுத்த பொடியைக் கரைத்துக் கெட்டியாக்கிக் கொடுக்கிறேன். அதைச் சாப்பிடுகிறாள் என்று சொல்ல முடியாது, விழுங்குகிறாள். மிஷினைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். எடை இறங்கியிருக்கிறது. பிப்ரவரி முதல் வாரம்வரை பார்ப்போம், ஏறாவிட்டால் குழாய் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றார் டாக்டர். அவரைக் குறை சொல்லி என்ன? வரும் வழியெல்லாம் சந்திரிகா மூக்கைக் கையால் மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். யாரோ அங்கேயே போட வருகிற மாதிரி.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜனவரி 22

கடைக்குப் போகாமல் மயிலாப்பூருக்குப் போனேன். மாட வீதியில் கண்ணில் பட்ட காயையெல்லாம் வாங்கிவந்து மேஜையில் பரப்பினேன். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், ஒரு தேங்காய், இஞ்சி. “எது வேணும்னாலும் காட்டு. காட்டினத வைக்கேன்” என்றேன். வியாபாரி புத்தி, சரக்கைப் பரப்பிக் காட்டினால் வாங்காமலா போவார்கள்?

ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முருங்கைக்காயைத் தொட்டாள். பிறகு, சத்தியமாக, வாயைத் திறந்து பேசினாள்.

“சோ...”

“சோறா?” என்றேன். தலையை ஆட்டினாள். அது ஆமாம் ஆட்டலா, இல்லை ஆட்டலா என்று எனக்கு எங்கே பொறுமை? இத்தனை நாள் கழித்து ஒரு வார்த்தை! சோறு கேட்டுவிட்டாள்! அரிசியைக் களைந்து மிஷினில் போட்டேன். அடி பிடித்துத் தீய்ந்து பசையாக வந்தது. நடுவிலிருந்ததை வழித்துக் கொண்டுபோனேன். கிண்ணத்தைத் தள்ளிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

என்ன கேட்டாள்? சோறு இல்லையென்றால் வேறு என்ன?

ஜனவரி 23

ஹைதராபாத்திலிருந்து மகள் தீபிகா போன் செய்தாள். நடந்ததைச் சொன்னேன். “அப்பா, அம்மா காயைப் பாத்துத்தானே சொன்னா? என்னென்ன காய் இருந்துச்சு?” என்று கேட்டாள். சொல்லிக்கொண்டே வந்தேன். முருங்கைக்காய், தேங்காய் என்றதும் கத்தினாள்.

“அப்பா! சோறு இல்லப்பா. சொதி! அம்மா சொதி கேட்டிருக்கா!”

சொதி. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள், பெண்வீட்டார் மாப்பிள்ளைக்குப் போடுகிற சாப்பாடு. தேங்காய்ப்பாலில் இதே காய்கள்தான் மிதக்கும். பாசிப்பருப்பு, இஞ்சிச் சாறு. அவள் வீட்டுச் சொதியைச் சாப்பிட்டுவிட்டு அன்றைக்கு நான் கை கழுவவே எழுந்திருக்கவில்லை என்று இன்றும் அவள் தங்கைகள் கேலி செய்வார்கள்.

சூப்பு, சூப்பு என்று நீட்டிக்கொண்டிருந்தேனே. அவளுக்கு அது ஆஸ்பத்திரி வார்த்தை. சொதி என்றால் வீடு. கஷ்டப்பட்டு ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தாள், அதையும் அரிசியோடு சேர்த்துத் தீய்த்துவிட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

தீபிகா போனிலேயே சொல்லச் சொல்லச் செய்தேன். தேங்காய்த் துருவலை மிக்ஸியில் அரைத்துப் பிழிந்தேன். முதல் பால் தனியே, இரண்டாம் பால் தனியே. முருங்கைக்காயை வேகவைத்துச் சதையை மட்டும் வழித்தேன், நாரைத் தூரப் போட்டேன். காய், பருப்பு, பச்சை மிளகாயில் ஒரு கீற்று, இரண்டாம் பால், எல்லாம் மிஷினுக்குள். “இஞ்சிச் சாறும் விடுவாங்கப்பா” என்றாள். அதையும் விட்டேன். பீப் என்றதும் முதல் பாலைக் கலந்து, வடிகட்டியில் தேய்த்து, கரண்டியைச் சாய்த்துப் பார்த்தேன். ஒழுகவில்லை. வழுக்கி விழுந்தது.

“சூப்பு இல்ல. சொதி” என்று சொல்லிக் கிண்ணத்தை வைத்தேன். முதலில் முகர்ந்தாள். பயத்தோடு ஸ்பூன் நுனியில் தொட்டுப் பார்த்தாள். விழுங்கினாள். நான் அவள் கழுத்தையே பார்த்தேன். இறங்கியது. இருமல் இல்லை.

அடுத்த வாய்க்கு அவளே திறந்தாள். கிண்ணம் காலி. கடைசியில் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது, சொல்லவில்லை. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, இஞ்சிதான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜனவரி 25

சொதி.

ஜனவரி 26

சொதி. விடுமுறை என்று கடையைச் சாத்திவிட்டு இரண்டு வேளையும் சொதி.

ஜனவரி 29

தாளிப்பு இல்லாத குறை எனக்கு மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. கடுகை மிஷினிலேயே அரைத்தால் என்ன என்று போட்டுப் பார்த்தேன். ஒரே கசப்பு, நானே குடித்துத் தீர்த்தேன். இன்று தாளித்து, அந்த எண்ணெயை மட்டும் டீ வடிகட்டியில் வடித்து ஒரு சொட்டு விட்டுக் கலக்கினேன். கடுகு வடிகட்டியில், வாசனை கிண்ணத்தில். தமிழ்நிலாவிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தேன். இனிமேல் எனக்கு அந்தப் பெண் சொல்வதுதான் சட்டம்.

பரங்கிக்காயையும் இப்படியே செய்தேன். “பரங்கிக்காய்ச் சொதி” என்று வாய்க்கு வந்த பெயரைச் சொன்னேன். அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது என்று அவளுக்கும் தெரியும். உதட்டோரம் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

பிப்ரவரி 3, திங்கள்

எடை ஏறியிருக்கிறது. கொஞ்சம்தான். ஆனால் ஏறியிருக்கிறது!

குழாய் இல்லை. டாக்டர் சொன்னதும் சந்திரிகா மூக்கிலிருந்து கையை எடுத்தாள்.

பிப்ரவரி 16

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஒரு அம்மாள் கடைக்கு வந்து சூப் மிஷின் இருக்கிறதா என்று கேட்டார்கள். குலாம் முகம்மது வழக்கம்போல் தண்ணீர்ச் செம்பை எடுத்தான். அதை வாங்கி வைத்துவிட்டு நானே பேசினேன். கோட்டுக்கு மேல் போடாதீர்கள், அரிசி போட்டால் அடி பிடிக்கும், முருங்கைக்காயை அப்படியே போடாதீர்கள், கடுகை அரைக்கவே அரைக்காதீர்கள். அந்த அம்மாள் மிரண்டுபோய் யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கிவிட்டார்கள்.

“அண்ணாச்சி, நீங்க தண்ணி காட்டிக்கினு இருந்தப்பதான் யாவாரம் ஆச்சு” என்றான்.

மார்ச் 2, ஞாயிறு

காலையில் மிஷினில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு இஞ்சிச் சாற்றைக் கையில் எடுத்தேன். பின்னால் சுவரைத் தேய்த்துக்கொண்டு யாரோ வருகிற சத்தம். திரும்பினால் சமையலறை வாசலில் சந்திரிகா, தானாக நடந்து வந்து நிற்கிறாள்.

“அத... இப்பமேவா... ஊத்துவாவ?”

குழறல்தான். ஒவ்வொரு வார்த்தையையும் தள்ளித் தள்ளித்தான் வெளியே கொண்டுவந்தாள். ஆனால் நிறுத்தவில்லை.

“கொதிச்சா... காரம் போயிரும். எறக்கி வச்சிட்டுல்லா... ஊத்தணும்.”

ஜனவரியிலிருந்து நான் காயோடு சேர்த்து ஊற்றித்தான் கொதிக்க விடுகிறேன். “அப்பம் இத்தன நாளும் தப்பாவா வச்சேன்?”

“ஆமா.”

“பொறவு எதுக்குட்டீ சாப்பிட்ட?”

“நீங்கதான... வச்சிய” என்றாள். உடனே, “தள்ளுங்க” என்று என் கையிலிருந்த இஞ்சிச் சாற்றை வாங்கிக்கொண்டாள்.

தள்ளி நின்றேன். மிஷின் பீப் என்கிறவரை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்று, மூடியைத் திறக்கச் சொல்லி, அவளே ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே திட்டினாள். வடிகட்டியை இப்படியா கழுவி வைப்பது, தேங்காய் ஏன் முற்றல், பீன்ஸ் யார் தலையில் கட்டினார்கள். பாதி எனக்குப் புரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் “என்னது?” என்று கேட்காமல் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

நாளைக்குப் பீன்ஸ் பிஞ்சாக வாங்க வேண்டும். தொட்டுப் பார்த்து வாங்க வேண்டுமாம்.