ஊதிய சங்கு

என் வீட்டுக்காரிக்கு,

பக்கத்து அறையில்தான் இருக்கிறாய். முகம் பார்த்துச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

மேடைப் பேச்சுப் பயிற்சி வகுப்பில் காதுக்கருவி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கவேண்டியிருந்தது. என் பேச்சைக் கேட்க வந்த உன் காதிலிருந்தே அதைக் கழற்றி வாங்கிக் காட்டினேன். நீ முன்வரிசையில் அமர்ந்தாய். நான் பேசப் பேச ஆளாளுக்குக் கொட்டாவி விட்டார்கள். சிரிக்கவைப்பதற்காக, "எங்க வீட்ல தினமும் செவிடன் காதுல ஊதின சங்குதான்" என்றேன். வகுப்பே குலுங்கியது. நீயும் சிரித்தாய். உனக்குக் கேட்டிருக்காது என்று நிம்மதியாக இறங்கினேன்.

வாசலில் கருவியை மாட்டிக்கொண்டே சொன்னாய்: "சங்கு நல்லா ஊதினீங்க."

கருவி வாங்கும்வரை என் உதட்டைப் பார்த்தே குடும்பம் நடத்தியவள் நீ. மறந்தது நான்.

இப்படிக்கு,
நம் வீட்டுச் செவிடன்