பின் சீட்டில் கயல்

ஜூலை 6, 2023

காலேஜ் வேலை முடிந்து வந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு லிஃப்ட் கதவை அளந்தேன். எழுபது சென்டிமீட்டர். எங்கள் வீட்டுக் கம்பிக் கதவு அறுபத்தெட்டு. "என்ன மேடம், ஃப்ரிட்ஜ் வாங்கப் போறீங்களா?" என்றார் வாட்ச்மேன். பிள்ளைகளுக்கு வண்டி என்றேன். சிரித்தார்.

ஆதிரைக்கும் கயலுக்கும் நாளையோடு ஆறு மாதம். இடுப்புக்கு ஒருத்தியாக வைத்துக்கொண்டு இறங்குவது இனி நடக்காது. முந்தாநாள் கரண்ட் இல்லை, லிஃப்ட் ஓடவில்லை, படியில் கால் தடுக்கிவிட்டது. விழவில்லைதான். ஆனாலும் அரை மணி நேரம் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இரட்டைப் பிள்ளைகளுக்கு இரண்டு வகை ஸ்ட்ரோலர் இருக்கிறது. ஒன்றில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். இன்னொன்றில் ஒருத்தி முன்னால், ஒருத்தி அவளுக்குப் பின்னால். சித்தார்த்துக்கு முதல் வகைதான் பிடித்திருக்கிறது. "ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு வரட்டும் வாணி" என்கிறார். அதன் அகலம் எழுபத்தாறு. லிஃப்டுக்குள் எப்படிப் போகும்? மடக்கித் தூக்கிக்கொள்ளலாமாம். யார் தூக்குவது? அவருக்கு மின்வாரியத்தில் ஷிஃப்ட். பகலில் பிள்ளைகளோடு இருக்கப்போவது வேலைக்கு வருகிற முனீஸ்வரி ஒருத்திதான்.

ஜூலை 9

டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடை. அகல வண்டியில் இரண்டு பேரையும் உட்கார வைத்தார்கள். ஆதிரை உடனே கயலின் தொப்பியைப் பிடுங்கினாள். கடைக்காரர் முன்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்ட, சித்தார்த் போட்டோ எடுத்தார். அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"கம்பிக் கதவ அகலப்படுத்த நான் ஹவுஸ் ஓனர்கிட்டப் பேசுறேன் வாணி."

"லிஃப்டையும் அகலப்படுத்துவாரா உங்க ஓனரு?"

கடையில் நாலு பேர் இருக்கும்போது அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முன்பின் சீட்டு வண்டியையே எடுத்து வந்தோம். லிஃப்டுக்குள் அழகாகப் போகிறது. என் கணக்கு தப்பவில்லை.

ஆகஸ்ட் 3

வண்டி வந்ததிலிருந்து சாயங்காலம் வைகைக் கரைப் பக்கம் போய் வருகிறோம். கோச்சடை ரோட்டில் மாடு, பைக், ஷேர் ஆட்டோ எல்லாவற்றுக்கும் நடுவில் நுழைந்து போய்விடலாம். அகல வண்டியாக இருந்தால் பாதி வழியில் நிற்க வேண்டியதுதான். சித்தார்த்தே ஒத்துக்கொண்டார்.

ஆதிரையைப் பின் சீட்டில் வைத்தால் தெருவே கூடும் அளவுக்கு அழுகிறாள். கயலை எங்கே வைத்தாலும் பேசாமல் இருக்கிறாள். அதனால் அவளுக்குப் பின் சீட்டு என்று ஆகிவிட்டது.

செப்டம்பர் 20

பிள்ளையார் ஊர்வலம். எங்களைத் தாண்டும்போது கொட்டு அடித்த அடியில் எனக்கே நெஞ்சு அதிர்ந்தது. ஆதிரை வீல் வீலென்று கத்தினாள். அவளைத் தூக்கிச் சமாதானம் செய்துவிட்டுப் பின்னால் குனிந்து பார்த்தேன். கயல் அசையாமல் தூங்கிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா, "இம்புட்டுச் சத்தத்துலயும் தூங்குதே, தங்கமான புள்ள" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது.

நவம்பர் 14

முனீஸ்வரியைத் திட்டிவிட்டேன்.

அம்மா உயிரோடு இல்லை. மாமியாருக்கு முட்டுவலி. வில்லாபுரத்திலிருந்து பஸ் மாறி வருகிற முனீஸ் இல்லையென்றால் நான் வேலைக்கே போக முடியாது. இன்று செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. கயலு கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குது. வண்டிக்குப் பின்னால நின்னு தட்டுல கரண்டியத் தட்டிப் பாத்தேன். முன்னால இருக்குற ஆதிரை எட்டி எட்டிப் பாக்குது. இது பாட்டுக்கு இருக்கு."

"தூக்கக் கலக்கமா இருந்திருக்கும்."

"நாலு நாளாப் பாக்குறேன்க்கா. ரெண்டையும் பாயில பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சு நீங்களே பாருங்க. எங்க வீட்டுலயும்—"

"என் புள்ளைய வச்சுப் பரீட்சை பண்றியா? உன்னை எதுக்கு வச்சிருக்கோ அதை மட்டும் பாரு. என் புள்ளைக்குக் குறை சொல்ற வேலையெல்லாம் உனக்கு வேணாம்."

பையை எடுத்துக்கொண்டு, தூங்கிக்கொண்டிருந்த கயலின் காலை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போனாள்.

அப்படிப் பேசியது நானா? அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். அம்மா களையெடுக்கப் போன வயல்காரர் வீட்டில், அந்த வீட்டம்மா அம்மாவிடம் பேசுகிற குரல். உனக்கு எதுக்கு முருகம்மா அந்தப் பேச்செல்லாம், போய் வேலையப் பாரு. எட்டு வயதில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டிருக்கிறேன். நான் படித்ததே அந்தக் குரலுக்கு முன்னால் நிற்கக் கூடாது என்றுதான்.

நாளைக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நவம்பர் 15

முனீஸ் வரவில்லை. லீவு போட்டேன்.

நவம்பர் 18

போனில் கிடைத்தாள். ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். "பரவால்லக்கா, வேற ஆளு பாத்துக்கங்க" என்றாள். மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அதற்குள் பின்னால் பிள்ளை அழும் சத்தம். வைத்துவிட்டேன்.

அழுதது ஆதிரைதான். வேறு யார்.

டிசம்பர் 2

பின்னால் போய் நின்று கை தட்டினேன். கயல் திரும்பினாள்! சிரித்தாள்! சித்தார்த்தைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவருக்கும் திரும்பினாள். முனீஸ் சும்மா பயமுறுத்திவிட்டாள்.

இன்னொரு தடவை, கொஞ்சம் தள்ளி நின்று தட்டிப் பார்க்கலாம் என்றார் சித்தார்த். போதும், பிள்ளை பயந்துவிடும் என்றேன்.

பிப்ரவரி 25, 2024

எங்கள் ஊர்க் கோயிலில் காதுகுத்து. எல்லாவற்றையும் எழுத முடியுமா தெரியவில்லை.

என் அண்ணன் அழகுபாண்டி மடியில் இரண்டு பிள்ளைகளும். ஒரு தொடையில் ஆதிரை, ஒரு தொடையில் கயல். நான் எதிரே, கையில் சந்தனக் கிண்ணத்தோடு. ஆசாரி இன்னும் ஊசியையே எடுக்கவில்லை. அண்ணனுக்குப் பின்னால், நாலு எட்டு தூரத்தில் யாரோ வேட்டுப் போட்டுவிட்டார்கள். நான் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டேன். அண்ணனே துள்ளினார். ஆதிரை அலறி அவர் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

கயல் பூமாலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் தொடை ஆடியதால் நிமிர்ந்தாள். ஆதிரை அழுவதைப் பார்த்தாள். இவள் எதற்கு அழுகிறாள் என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

ஒரே சத்தத்துக்கு இரண்டு முகத்தையும் நேருக்கு நேர் நான் அப்போதுதான் பார்த்தேன். பிறந்து பதிமூன்று மாதம் கழித்து.

அடுத்த வேட்டுக்கும் அப்படியே.

ஊசி குத்தியபோது நன்றாக அழுதாள். எல்லாரும் குலவை போட்டார்கள். நானும் போட்டேன். சித்தார்த் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் பார்த்திருக்கிறார்.

மார்ச் 5

மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி எடுத்தார்கள். இரண்டு காதும் கேட்காதாம். கேட்காது என்றால், வேட்டுச் சத்தமே ஏதோ முணுமுணுப்பு மாதிரி கேட்டிருக்கலாமாம், அவ்வளவுதான்.

சோதனை செய்த பத்மாசினி மேடம் பொறுமையாகத்தான் பேசினார். "குறை மாசக் குழந்தைங்களா?"

"ஆமா. பதினெட்டு நாள் இன்குபேட்டர். கயலுக்கு மஞ்சக் காமாலையும் அதிகம்."

"மூணாம் மாசம் காது டெஸ்டுக்கு வரச் சொல்லி இருப்பாங்களே?"

சொல்லியிருந்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியே இருக்கிறது. கண் டெஸ்டுக்குப் போனோம், ஊசிக்குப் போனோம். இது விட்டுப்போச்சு. எப்படி விட்டுப்போச்சு? லிஃப்ட் கதவை டேப் வச்சு அளக்கத் தெரிஞ்சவளுக்கு அந்தச் சீட்டைத் திருப்பிப் பாக்கத் தெரியலையே.

"கை தட்டினா திரும்புனாளே மேடம்?"

"உங்க நிழல் தெரிஞ்சிருக்கும். காத்து பட்டிருக்கும். இந்தக் குழந்தைங்க ரொம்பக் கூர்மையா இருக்கும்மா. அதனாலதான் வீட்டுல தெரியுறதில்ல."

"முன்னாடியே வந்திருந்தா?"

"வந்திருந்தா நல்லதுதான். அதையே நெனச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா இந்த மாசமும் போயிரும். முதல்ல மெஷின் போடுவோம். பத்தலைன்னா ஆபரேஷன்."

மார்ச் 6

சித்தார்த் போனில் எதையோ பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கடையில் எடுத்த போட்டோ. ஆதிரை கிலுகிலுப்பையைப் பார்க்கிறாள். கயல் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்க்கிறாள்.

"நான் அன்னைக்கே—" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். சொல்லி முடித்திருக்கலாம். சண்டையாவது போட்டிருப்போம்.

மார்ச் 7

ஏழு மாதத்துக்கு மேல் என் பிள்ளை முன் சீட்டின் முதுகுத் துணியைப் பார்த்துக்கொண்டே ஊரைச் சுற்றியிருக்கிறாள். நானும் பேசிக்கொண்டேதான் தள்ளினேன் — அங்க பாரு கொக்கு, இங்க பாரு ரயிலு என்று. பதில் எப்போதும் முன் சீட்டிலிருந்து வந்தது. இரண்டு பேரும் பேசுவதாக நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 17

வில்லாபுரம் போனேன். தனியாக. கடையில் லீவு சொல்லிவிட்டு முனீஸ் வீட்டில் இருந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். நீ சொன்னது நிஜம் முனீஸ். கயலுக்குக் காது கேக்கல. அன்னைக்கு நான் பேசினது தப்பு.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள், "தெரியும்க்கா. அன்னைக்கே தெரியும். எந்தம்பி கண்ணுச்சாமிக்கும் காது கேக்காது, பேச மாட்டான். மெதுவாப் பேசுவான் மெதுவாப் பேசுவான்னு நாலு வயசு வரைக்கும் விட்டுட்டோம். அதத்தான் சொல்ல வந்தேன். சொல்லி முடிக்க விடலையே நீங்க."

"மன்னிச்சிரு முனீஸ்."

"அதெல்லாம் அன்னைக்கே மறந்துட்டேன்." சொல்லிவிட்டு அவளே தலையை ஆட்டினாள். "இல்லக்கா, பொய்யி. மறக்கல. நானும் இன்னொருக்கா போன் பண்ணிச் சொல்லிருக்கணும். வீம்புல விட்டுட்டேன். எனக்கும் தூக்கம் இல்ல."

நான் இன்னும் லீவில்தான் இருக்கிறேன், திரும்ப வேலைக்கு வருவாயா என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "வரலக்கா. வேலைக்கு வேணாம். புள்ளையப் பாக்க வாரேன்."

அதைவிடக் கூடுதலாகக் கேட்க எனக்கு வாய் இல்லை.

ஏப்ரல் 8

இரண்டு காதிலும் மெஷின். ஆதிரை அதைப் பிடுங்கப் பார்க்கிறாள், தனக்கும் வேண்டுமாம்.

மதியம் போனில் அகல வண்டி பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தாறு சென்டிமீட்டர். கதவை இடித்தால் இடித்துவிட்டுப் போகிறது, படியில் நானே தூக்கிக்கொள்கிறேன். ஆர்டர் போடப் போகும் நேரத்தில் சித்தார்த் பார்த்துவிட்டார்.

"நடக்க ஆரம்பிச்ச புள்ளைகளுக்கு எதுக்கு வாணி இனிமே?"

ஆமாம். ஆதிரை ஹாலில் ஓடிக்கொண்டிருந்தாள். கயல் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே.

ஜூன் 22

கூட வேலை பார்க்கும் ஹம்சவேணியின் தங்கைக்கு இரட்டைப் பையன்கள். எங்கள் வண்டியைக் கேட்டாள். துடைத்துக் கொடுத்தேன். "நல்லா இருக்கும், எங்க வேணாலும் நுழையும்" என்றேன். அதுவும் உண்மைதானே.

அவள் கீழே போய் காரில் ஏற்றிய பிறகு ஓடிப்போய்ச் சொன்னேன்: தினமும் சீட்டை மாத்தச் சொல்லு ஹம்சா. முன்னால உக்கார்ற பையன் அழுதாலும் மாத்தச் சொல்லு. அழாத பையன்கிட்டத்தான் அடிக்கடி குனிஞ்சு பாக்கச் சொல்லு.

அவளுக்கு விஷயம் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றாள்.

செப்டம்பர் 19

மெஷின் பத்தவில்லை. இன்று ஆபரேஷன் முடிந்தது. வலது காதுக்கு உள்ளே கருவி வைத்தார்கள். தலையில் பெரிய கட்டு. முனீஸ் சாத்துக்குடியோடு வந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள்.

அக்டோபர் 16

இன்று வெளி மெஷினை மாட்டி ஓட விட்டார்கள். வீடியோக்களில் பிள்ளைகள் சிரிக்குமே, அப்படி எதிர்பார்த்தேன். கயல் பயந்து அலறினாள். பத்மாசினி மேடம் மேஜையைத் தட்டும்போதெல்லாம் அலறினாள். என் குரலுக்கும் அலறினாள்.

"அழட்டும்மா. கேக்குதுன்னு அர்த்தம்."

அவளுக்கு முதலில் கேட்ட என் குரல் அவளைப் பயமுறுத்தியது. சரி. அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் போல.

ஆகஸ்ட் 10, 2025

பத்து மாதமாக வாரம் மூன்று நாள் பேச்சுப் பயிற்சி. ஆதிரை கதை சொல்கிறாள். கயலிடம் முப்பது சொற்கள் இருக்கின்றன. எண்ணாதீர்கள் என்கிறார்கள், நான் எண்ணுகிறேன்.

மதியம் தூங்க வைக்கும்போது மெஷினைக் கழற்றி வைத்துவிடுவது வழக்கம். இன்று கழற்றிய பிறகு, அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அம்மாவை மன்னிச்சிருடா கண்ணு என்றேன். அவளுக்குக் கேட்காது என்று தெரிந்துதான் சொன்னேன். ரொம்ப நாளாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கயல் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து உட்கார்ந்து, தலைமாட்டு ஸ்டூல் மேல் கையை நீட்டி மெஷினை எடுத்து, என் கையில் வைத்து, தலையைச் சாய்த்துக் காட்டினாள். மாட்டிவிட்டேன். காத்திருந்தாள்.

சொல்ல முடியவில்லை. "தூங்குடா கண்ணு" என்றேன்.

"மாத்தேன்" என்றாள்.

எந்தச் சீட்டில் வைத்தாலும் பேசாமல் இருந்த பிள்ளை. இன்னொரு தரம் தூங்கச் சொன்னேன். இன்னும் சத்தமாக மாத்தேன் என்றாள். ஆதிரை விழித்துவிட்டாள். மூன்று பேருமே இன்று தூங்கவில்லை.