துடைப்பம் பிடித்த கை

அன்பு மகளுக்கு,

உன் தோழி மெக்டில்டோடு நீ பேச்சை நிறுத்திவிட்டதாக அம்மா சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன். என் லட்சணம் அப்படி.

கார்னிவல் ஊர்வலத்தில் முகமூடிக்காரன் யாருடைய அசட்டுத்தனத்தையும் நடுத்தெருவில் சொல்லலாம், கேட்பவர் கோபப்படக் கூடாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அன்று பேக்கரி வாசலில் முகமூடி போட்ட இரண்டு சூனியக்காரிகள் உன்னை மறித்தார்கள். ஒருத்தி கீச்சுக்குரலில் ஆரம்பித்தாள்.

“அடியே அன்னெக்ரெட், மாப்பிள்ளை வரலைன்னதும் கல்யாண கேக்கை நீயே தின்னு தீர்த்துட்டியாமே? சமையல்கட்டுத் தரையில உக்காந்து, வெறுங்கையால?”

தெருவே சிரித்தது. நீயும் சிரிக்கப் பார்த்தாய், வாய் கோணிக்கொண்டது.

அந்தக் குரல் எங்கள் கார்னிவல் குழுவில் இருக்கும் கெப்ஹார்டுடையது. நீ தரையில் உட்கார்ந்து தின்றதை மெக்டில்டிடம் மட்டும்தான் சொன்னாய். ஆனால் கதவிடுக்கு வழியாக நானும் பார்த்தேன். ஜனவரியில், எங்கள் குழுக் கூட்டத்தில், இரண்டாவது பீரில் அதை உளறினேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஊர்வலத்தில் கடைசி வரிசையில் இருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்று உன்னிடம் சொன்னது பொய்.

இரண்டாவது சூனியக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்களாவது அவரை நிறுத்தச் சொல்லுங்க” என்று மெதுவாகக் கேட்டாயே, ஞாபகமிருக்கிறதா? ஊர்வலம் முடியும்வரை முகமூடியைக் கழற்றக் கூடாது. முப்பது வருடமாக அந்த விதியை மீறியதில்லை என்ற பெருமை அவளுக்கு. கையை உதறிவிட்டுத் துடைப்பத்தைத் தூக்கி ஆடினாள்.

அந்தக் கையுறைக்குள் இருந்தது என் கை.

மெக்டில்டிடம் பேசு. என்னிடம் பேசுவது உன் இஷ்டம்.

உன் அப்பா