நாம் இன்னும் பிறக்காத வருடம்

இன்று கொழும்பில் மழை. அலுவலகத்தில் பழைய கணினி ஒன்றைத் திறந்தார்கள். சூடேறிய தூசியின் வாசனை வந்தது. அவ்வளவுதான், இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில், நம் பழைய கணினி வகுப்பில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கணினி வகுப்பில் தமிழ் பேசியவர்கள் நாம் இருவர்தான். நான் டவுன் கடைக்காரர் மகள். நீ குருவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து நனைந்துகொண்டு வருவாய். ஜன்னலுக்கு வெளியே மலை மேகத்துக்குள் போய்விடும். மேகம் உள்ளேயும் வந்ததா, என் நினைவில்தான் வந்ததா, இப்போது தெரியவில்லை.

பரீட்சைக்கு நாம் சேர்ந்து எழுதிய புரோகிராம், ரப்பர் பாலில் தண்ணீர் போக எவ்வளவு ரப்பர் தேறும் என்று சொல்லும். மெனு என் கோப்பு, கணக்கு உன் கோப்பு. தனித்தனியே கம்பைல் செய்து, அதாவது கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றி, கடைசியில் லிங்க் பண்ணி ஒன்றாக்க வேண்டும். எனக்கு அது விளையாட்டு. உனக்கு அப்படியில்லை.

"பாஸாகலேன்னா அடுத்த மாசம் ரப்பர் பால் வெட்டத்தான் போகணும்னு அப்பா சொல்லிட்டாரு" என்றாய்.

பரீட்சையன்று காலையில் கரண்ட் போய் வந்தது. அந்தக் கணினிக்கு பேட்டரி செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு தடவை போடும்போதும் தேதியை நாமே அடிக்க வேண்டும். அவசரத்தில் நீ வெறும் என்டரைத் தட்டிவிட்டாய். பிறகு உன் கணக்கில் ஒரு பிழை கண்ணில் பட, திருத்தினாய். கம்பைல், லிங்க், எல்லாம் சரி என்றது திரை. விடை மட்டும் அதே தப்பு விடை. மறுபடி திருத்தினாய். அதேதான். "ஹரித?" என்று வகுப்பு நடத்தும் சேர் சிங்களத்தில் கேட்டார். சரியா என்கிறார். உன் கண் கலங்கிவிட்டது.

அப்படியே திடீரென்று சிரித்தாய். திரையில் உன் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் தேதி 1980 என்றிருந்தது.

"நாம இன்னும் பொறக்கவே இல்ல புள்ள! அதான் சொல்றத கேக்க மாட்டேங்குது."

தேதி தெரியாத கணினி, நீ அப்போது திருத்தியதை நேற்றையதைவிடப் பழசு என்று எண்ணி, நேற்று கம்பைல் செய்ததையே எடுத்து லிங்க் பண்ணிக்கொண்டிருந்தது. தேதியை அடித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து கம்பைல் செய்தோம். சரியான விடை வந்தது. நீ பால் வெட்டப் போகவில்லை. தோட்டத்து ஆபீசில் வேலை கிடைத்தது. போன வருடம் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும்வரை அங்கேதான் இருந்தாய்.

எனக்கு இன்று கணினிதான் பிழைப்பு. எத்தனை திருத்தியும் மாறாத ஒன்றின் முன்னால் யாராவது கலங்கி உட்கார்ந்திருந்தால், நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்காருகிறேன். முதலில் தேதியைப் பார்க்கச் சொல்கிறேன். அநேகமாகக் காரணம் வேறாக இருக்கும், சேர்ந்து தேடுவோம். கலங்கிய கண்ணோடு சிரிக்க மட்டும் உன்னைப்போல் எனக்கு வரவில்லை. மனசு உன்னை ரொம்பத் தேடுது புள்ள.