அலுமாரி யாருடையது

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ,
ரொறன்ரோ.
20.07.2009

என் தங்கை மங்கையற்கரசிக்கு,

செட்டிகுளம் அகதி முகாமில் நீயும் மகள் தயாளினியும் இருக்கிறீர்கள் என்று நம்பி அக்கா எழுதுவது. நான் சுகம். சீனி வருத்தம் மட்டும் கூட, ஊசி போடுகிறேன். மகளும் மருமகனும் நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில் பக்கம் வீடு வாங்கிவிட்டார்கள். அங்கே பால் வாங்கவும் கார் வேண்டும். நான் வரமாட்டேன் என்று மகனோடு இங்கேயே நிற்கிறேன்.

உன் பெயரில் வந்த கடிதம் போன செவ்வாய் கிடைத்தது. சண்டை முடிந்து இரண்டு மாதமாக நீ இருக்கிறாயா இல்லையா என்று தெரியாமல் கிடந்த எனக்கு அதுதான் உயிர் தந்தது. வீட்டுக்கு வந்தவர் எல்லாருக்கும் வாசிக்கக் கொடுத்தேன்.

நேற்று மருமகன் ஸ்ரீஸ்கந்தராசா சாப்பிட வந்தார். கட்டிடக் கண்ணாடி விற்கும் இடத்தில் வேலை. வாயைத் திறந்தால் சென் கோபான் என்ற பிரெஞ்சுக் கொம்பனியின் வரலாறுதான். முந்நூற்று நாற்பது வருடத்துக்கு முந்தி பிரான்ஸ் ராசா தொடங்கியதாம். முகம் பார்க்கும் கண்ணாடி செய்ய வெனிஸ் தொழிலாளரைக் களவாகக் கூட்டிவந்தார்களாம். வெனிஸ்காரர் விடுவார்களா? பெண்சாதிமார் எழுதியதுபோல, திரும்பி வாருங்கள் என்று கடிதம் அனுப்பினார்களாம். அதில் ஒருவன் வாசித்துவிட்டு, "உது என்ரை மனிசி எழுதினதில்லை, அவளுக்கு இவ்வளவு வடிவாய் எழுத வராது" என்றானாம்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

எழுந்துபோய் உன் கடிதத்தை எடுத்தேன். நீயும் நானும் மூன்றாம் வகுப்போடு நின்றவர்கள்; இதுவோ படித்தவர் எழுத்து. அதை விடு, எழுத்தை யாரும் உதவிக்கு எழுதலாம். ஆனால் அதில், "அம்மாவின் கண்ணாடி அலுமாரி விஷயத்தில் பிழை என்னுடையதே, மன்னியுங்கள் அக்கா" என்று இருக்கிறது. எண்பத்தொன்றில், நான் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று, அதை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனவள் நீ. இருபத்தெட்டு வருடமாக நீ எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும், அம்மா எனக்குத்தான் தந்தவா என்று எழுதினவள். செத்தாலும் பிழை என்று சொல்லமாட்டாய்.

செத்தாலும் என்ற சொல்லை எழுதிவிட்டு வெட்டப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.

தயாளினி, நீதான் எழுதினாயா? பெரியம்மா பயப்படுவா என்று எழுதினாயா? உன் அம்மா எங்கே பிள்ளை?

இல்லை மங்கை, நீதான் சொல்லி எழுதுவித்தாய் என்றால், உன் வாயால் அப்படிச் சொல்லவைக்க அங்கே என்ன நடந்தது?

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். பழையபடி, அலுமாரியை அம்மா எனக்குத்தான் தந்தவா என்று ஒரு வரி எழுது. ஏலாவிட்டால் பிள்ளையை எழுதச் சொல்லு, ஏச்சு மட்டும் உன்னுடையதாக இருக்கட்டும். நான் ஒவ்வொரு நாளும் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நல்லூரான் உன்னைக் காக்க வேண்டும்.

உன்னை இன்னும் மன்னிக்காத
அக்கா பாலேஸ்வரி