பூசையில் வைத்த புத்தகம்

செப்டம்பர் 8, திங்கள்

அம்மா தூங்கிவிட்டாள். செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

நான் கேட்டபடியே ஜெபக்கனி அக்கா இன்று இரண்டாவது புத்தகம் கொடுத்தாள். மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறாள். சாத்தான்குளம் பக்கத்துக்காரி, ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் லைன் வேலை. நான் மாடியில் துணி எடுக்கப் போகும்போது என் வாளியில் காய்ந்த துண்டுக்கு அடியில் வைத்துவிடுவாள். முதலில் தந்தது ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படிக்கிற பைபிள் தியானப் புத்தகம். இது கதை. பிரவுன் அட்டை போட்டு லேபிளில் 'வேதியியல், ப. காவேரி, பதினொன்றாம் வகுப்பு' என்று எழுதினேன்.

செப்டம்பர் 10

நாற்பது பக்கம் ஓடிவிட்டது. நாளை பரீட்சை. கீழே வைக்க முடியவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

சாப்பிடும்போது அப்பா கேட்டார், "மேல கீற பொண்ணு பாட்டு கீட்டு பாடுதா?"

"இல்லப்பா."

"பாடுனா சொல்லு. அவுங்க சாமிய அவுங்க கோயில்ல கும்புட்டுக்கட்டும்."

போன வருடம் அதே அறையில் யாக்கோபு அண்ணன் குடும்பம் இருந்தது. நாலு பேரைக் கூப்பிட்டு ஜெபம் வைத்தார்கள். ஒரே வாரத்தில் காலி செய்யவைத்தார் அப்பா.

அப்பா கெட்டவர் இல்லை. எங்கள் நிலம் கம்பெனிகளுக்குப் போனதிலிருந்து கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. வருகிற கார்களுக்கெல்லாம் சல்யூட் அடிக்கிறார். தன் வீட்டு வாசலாவது தன் பேச்சைக் கேட்கட்டும் என்று நினைக்கிறாரோ?

புத்தகம் மாட்டினால் அக்காவுக்கும் அதே கதிதான். திருப்பிக் கொடுத்துவிடலாம். கொடுக்கணும். இன்னும் ஒரு அத்தியாயம் மட்டும் –

செப்டம்பர் 21

கதையில் தாசம்மாள் வீட்டுவேலை செய்கிறவள். திருடாத நகைக்காக ஜெயிலில் இருக்கிறாள். ஜன்னல் ரொம்ப உயரம், வானம் தெரியாது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுவது போல ஜெபிக்கிறாள். நானும் நேற்று போர்வைக்குள் அப்படிப் பேசிப் பார்த்தேன். 'பயமா இருக்கு' என்று மட்டும்தான் சொன்னேன். அப்புறம் தூங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை குன்றத்தூர் மலையில் முருகனைக் கும்பிட்டதும் நிஜமாகத்தான். இரண்டும் நிஜமாக இருக்கலாமா? யாரிடம் கேட்பது?

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா என் பையை மொத்தமாகக் கொட்டி, எல்லாப் புத்தகத்தையும் சரஸ்வதி படத்துக்கு முன் அடுக்கிவிட்டாள். அப்பாவின் டார்ச், அண்ணன் சுபாஷின் ஸ்பானர் பெட்டி, பக்கத்தில் என் புத்தகங்கள். எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். அக்கா கொடுத்த புத்தகம் மேலிருந்து இரண்டாவதாக இருக்கிறது.

இன்று புத்தகத்தைத் தொடக் கூடாது. எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். எடுக்காவிட்டால் நாளை காலை –

தூக்கம் வராது.

அக்டோபர் 2

எழுதியே ஆகணும்.

விஜயதசமிக்குக் காலையில் நாலு வரி உரக்கப் படிப்பது வழக்கம். அப்பா அதையேதான் எடுத்துக் கொடுத்தார். "கெமிஸ்ட்ரில மார்க் கம்மி. இதையே படி."

மனசிலிருந்து அமிலம், காரம் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒன்றுமே வரவில்லை. திறந்த பக்கத்தையே படித்தேன். 'தாசம்மாள் சுவரில் தலை சாய்த்து அழுதாள்.'

அண்ணன் சுபாஷ் சிரித்தான். "இன்னாடி, கெமிஸ்ட்ரில ஒருத்தி குந்திகினு அழுவுறா?" பிடுங்கினான். முதல் பக்கத்தைத் திருப்பினான். சிலுவைப் படம். சிரிப்பு நின்றது.

"யாரு குட்த்தது?" அப்பா.

எனக்குத் தெரியாது, மாடி அக்கா என் பையில வெச்சிருப்பாங்க என்று சொன்னேன். நான் சொன்னேன். நானேதான்.

நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பிக் கூட்டிவந்தார்கள். அக்கா ஒரே முறை என்னைப் பார்த்தாள். "ஆமா அண்ணாச்சி, நாந்தான் வச்சேன். பிள்ளைக்கு ஒண்ணுந் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி.

அப்பா புத்தகத்தைக் கொளுத்தப் போனார். அம்மா தடுத்தாள். "பூசைல வெச்சத கொளுத்துவாங்களா? பொண்ணு படிக்கிற வூடு." கொளுத்தவும் முடியாது, வெளியே போடவும் முடியாது. சாமி அலமாரியிலேயே வைத்துவிட்டார்கள். விளக்கேற்றும்போதெல்லாம் பார்க்கணும். தொடக் கூடாது.

அக்டோபர் 3

போர்வைக்குள் கண்ணை மூடினேன். பேச வாய் வரவில்லை. என்னான்னு பேசுறது?

அக்டோபர் 5, ஞாயிறு

அக்கா போய்விட்டாள். ஒரு பை, ஒரு பக்கெட், ஒரு பாய். தண்டலத்தில் லேடீஸ் ஹாஸ்டல்.

ஷேர் ஆட்டோ வருவதற்குள் குனிந்து செருப்பு மாட்டுகிற மாதிரி கேட்டாள், "அழாத ஏட்டி. கதைய எது வரைக்கும் படிச்ச?"

"கோர்ட்டுக்குக் கூட்டிப் போற வரைக்கும்."

"அப்ப முடிவு –" அப்பா வாசலுக்கு வந்துவிட்டார்.

அக்டோபர் 9

மாடியில் புதுசாக இரண்டு பெண்கள். அப்பா அவர்களிடம் பழைய கதையைச் சொல்கிறார். "எம்பொண்ணு பைல திருட்டுத்தனமா வெச்சிட்டா, தெரியுமா?" நான் தண்ணீர்க் குடத்தோடு அங்கேயே நின்றேன். தாசம்மாளைக் கைகாட்டிய முதலாளியம்மா மாதிரி.

அக்டோபர் 11, சனி

சொல்லிவிட்டேன். அம்மா விளக்கேற்றிய பிறகு, அலமாரியைப் பார்த்துக்கொண்டே. "நான்தாம்பா கேட்டு வாங்குனேன். அட்டை போட்டது நான். லேபிள் என் கையெழுத்துதான், பாருங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தூங்கற பொண்ண எழுப்பி நிக்க வெச்சேன்" என்றார், என்னிடம் இல்லை, அலமாரியிடம். அப்புறம் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "நாளைக்கி சுபாஷ்கூட போயி குட்த்துட்டு வா. இனிமே இந்த வூட்டுக்குள்ள வரக் கூடாது."

அக்டோபர் 12, ஞாயிறு

ஹாஸ்டல் கேட்டில் அக்கா வந்தாள். நான் பொய் சொன்னதையும் அப்பாவிடம் சொல்லிவிட்டதையும் ஒரே மூச்சில் சொன்னேன். அக்கா புத்தகத்தை வாங்கிக் குங்குமத்தைத் தடவிப் பார்த்தாள். சிரித்தாள். "வீட்டுக்குத்தான கொண்டு போவக் கூடாது?" என்று கடைசி அத்தியாயத்தைத் திறந்து, அங்கேயே நின்று எனக்கு வாசித்தாள்.

சுபாஷ் பைக்கில் உட்கார்ந்து ஹாரன் அடித்தான். இரண்டு முறை. அப்புறம் அடிக்கவில்லை.

திரும்பும்போது ஸ்ரீபெரும்புதூர் சிக்னலில் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுக் கேட்டான்.

"அந்தம்மா எதுக்கு ஜெயிலுக்குப் போச்சி, மொதல்ல?"